எண்ணெய் ஊற்றியாயிற்று, தூக்கம்தான் வரவில்லை

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய வாலாஜாபாத் சம்பந்தியம்மா அவர்களுக்கு, காஞ்சிபுரத்திலிருந்து எஸ்தரின் தகப்பன் ஆசீர்வாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் சுகமில்லை என்று எஸ்தர் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதை நம்ப வேண்டாம். போனில் பேசினால் எஸ்தர் காதில் விழுகிறது. மாப்பிள்ளையிடம் சொன்னாலோ "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். டாக்டரம்மா எஸ்தருக்குப் பிரசவ நாளாகக் குறித்துக்கொடுத்த நாளும் பெருமாள் கோயில் கருட சேவையும் ஒரே நாளில் வருகின்றன. அன்றைக்கு எங்கள் பக்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். விடிவதற்கு முன்பே ஜனம் நெருக்கும், சைக்கிள்கூட நகராது, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். காலண்டரில் இதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் நாம் எதையும் யோசிக்காமல் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தபோதுதானே அந்தக் குழந்தை வயிற்றிலேயே போயிற்று. அன்றிலிருந்து நல்ல செய்தி என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது, சம்பந்தியம்மா.

நான் காலண்டரைப் பார்த்த வாரமே, மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துப் பெண்களைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்தார். எண்ணெய் எடுத்துவைத்திருந்த ஐந்து பேர் உள்ளே போனார்கள், மற்றவர்களுக்குக் கதவு அடைபட்டது. என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆட்டோ தனசேகரனைக் கூப்பிட்டு ஒத்திகை வைத்தேன். குலுக்கல் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே, அதனால் எஸ்தர் இடத்தில் நானே வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வியர்த்து விறுவிறுத்து இறங்கியவனை ஒரு நர்ஸம்மா பார்த்துவிட்டு, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டுபோய், பிரஷர் பார்த்து, ஊசியும் போட்டுப் படுக்கவைத்துவிட்டார். தனசேகரன் வீட்டுக்குப் போன் போட்டு, "அண்ணனை அட்மிட் பண்ணிக்கினாங்கம்மா, பயப்படாதீங்க" என்று சொல்ல, எஸ்தர் நிறைவயிற்றோடு என்னைப் பார்க்க வந்தாள். "அப்பா, எனக்குத்தான்பா பிரசவம்" என்றாள்.

அதற்காக நான் விட்டுவிடவில்லை. குழந்தைத் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி, எலி கடிக்காமல் பீரோவில் பூட்டி, சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு நெசவாளர் கைலாசம் திருவிழாச் சமயத்தில் பாவு நீட்டுவதாக இருந்தார். பாவு நீட்டினால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டு நூலை இழுத்துக் கட்டிவிடுவார்கள், நடந்துதான் போகலாம், வண்டி நுழையாது. அவர் கையைப் பிடித்துக் கெஞ்சி, அந்த வேலையை இந்த வாரமே முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். நான் செய்த ஏற்பாடுகளிலேயே இதுதான் உத்தமம்.

எஸ்தர் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நேற்று கோபமாகச் சொன்னாள்: "அந்தப் பொண்ணுங்க எண்ணெய ஊத்தி வெச்சிட்டுத் தூங்கினாங்கன்னுதான் எழுதியிருக்குது. நீங்க தூங்கவும் மாட்டேன்றீங்க, எங்கள தூங்க உடவும் மாட்டேன்றீங்க." வேதத்தைத் திறந்து பார்த்தேன். புத்தியுள்ளவர்களும் தூங்கித்தான் இருக்கிறார்கள். இத்தனை வருஷமாக இது என் கண்ணில் படவேயில்லை. ஆனால் அவர்களுக்கு எஸ்தர் மாதிரி ஒரு மகள் இல்லையே.

ஆகவே, திருவிழாவுக்கு முன்பே நீங்கள் இங்கே வந்து தங்கிவிட வேண்டும். ஒரு டார்ச் லைட்டும் கொண்டு வாருங்கள். கர்த்தர் தம் செட்டைகளின் கீழ் நம் இரண்டு வீட்டையும், முக்கியமாக இந்த வீட்டை, மூடிக் காப்பாராக.

இப்படிக்கு,
ஆசீர்வாதம்

பி.கு.: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோதே எஸ்தருக்கு வலி வந்துவிட்டது. வாசலுக்கு ஓடினால் தெரு முழுக்கக் கைலாசத்தின் பாவு, நான் கெஞ்சி முன்கூட்டியே போடவைத்த அதே பாவு. தெருமுனையில் தனசேகரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கைலாசம், "அறுத்துடறேன் சார்" என்று கத்தியை எடுத்துவிட்டார். அவர் சம்சாரம் ஏலவார்குழலிதான், "இன்னாத்துக்கு அறுக்கிற? அல்லாரும் தூக்கிப் புடிங்கபா" என்றார். தெருவே வந்து இரண்டு பக்கமும் நின்று பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தது. அந்த அரக்குப் பட்டுக்கு அடியிலேயே ஆட்டோ வந்தது, எஸ்தரை ஏற்றிக்கொண்டு அப்படியே போயிற்று. ஓர் இழைகூட அறவில்லை என்கிறார் கைலாசம். என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

பெட்டி பீரோவிலேயே இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. சாதாரண நாளாக இருந்ததால், சேதி கேட்டு நீங்கள் ஏறிவந்த பஸ் நேரே ஊருக்குள் வந்துவிட்டது, உங்கள் பழைய புடவையில்தான் பேத்தியைச் சுற்றியிருக்கிறார்கள். அதனால் இதைத் தபாலில் போடாமல் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன்.

அவள் பிறந்ததை நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் ஜெபம் பண்ண உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். நர்ஸம்மா எழுப்ப வந்தாராம். எஸ்தர் அம்மா விடவில்லையாம். "இப்பத்தாம்மா தூங்கறாரு, உடுங்க. கொழந்த எங்கியும் போயிடாது" என்றாளாம்.