அண்ணன் பெட்டிக்குப் பூசிய இலைமெழுகு

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கு நான் நலம். உன் அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியாத நிலை என்பது உனக்கே தெரியும். அங்கே படுக்கையில் இருக்கும் அண்ணியும், அவரை விட்டு இங்கு வர முடியாமல் போன நீயும் நலமாக இருக்க வேண்டும்.

"அப்பாவ அனுப்பிவைக்க யாராவது வந்தாங்களான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க சித்தப்பா" என்று போனில் அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். முந்நூறு பேர் வந்தார்கள். ஒருவர்கூடக் குறையாது. அண்ணன் யாரோடும் ஒத்துப்போகாத ஆள்தான், ஆனால் சவப்பெட்டிக்குப் பாலிஷ் போட்டது நான் என்று தெரிந்ததும் தெருவே திரண்டுவிட்டது. முப்பது வருஷம் மரச்சாமான் பட்டறையில் மெருகு போட்ட கை இது, சாதாரண மெழுகைத் தொடுமா? ஏதோ பனை ஜாதி மரத்து இலையிலிருந்து எடுக்கிற மெழுகு, மஞ்சள் செதிலாக வரும், கல் மாதிரி இருக்கும், மாத்திரைக்கு மேலே பளபளப்புக்குப் பூசுவதும் காருக்குத் தேய்ப்பதும் இதைத்தான், விஞ்ஞானிகள் என்னைக் கேட்டால் இன்னும் சொல்வேன். தண்ணீர் ஒட்டாது. எண்பது டிகிரி தாண்டினால்தான் உருகும். உன் அப்பா அதற்கும் மேலே, எதற்கும் உருகியதில்லை. மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, துணியால் தேய்த்து, ஏழு பூச்சு கொடுத்தேன். வாடகை வீட்டுச் சொந்தக்காரர் மூடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார், அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள்கூட வரிசையில் நின்று பார்த்தார்கள். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடுகிற ஆளா நான், அங்கேயும் பூசினேன், கைப்பிடிகளையும் விடவில்லை, அதுதான் வம்பாகிவிட்டது. வேனிலிருந்து இறக்கும்போது ஆறு பேர் பிடித்தும் பெட்டி நழுவி, ஈரப் புல்லில் சறுக்கி, உங்கள் தயவே வேண்டாம் என்பதுபோலக் குழி வரைக்கும் தானே போய் நின்றது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "என்னண்ணே, பெரியவருக்கு இவ்ளோ அவசரமா" என்றான். முந்நூறு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. அண்ணியின் முதுகில் புண் வராமல் திருப்பித் திருப்பிப் படுக்க வை. என் ஆசி உங்கள் இருவருக்கும் என்றைக்கும் உண்டு.

இப்படிக்கு,
பட்டறையே பாலிஷ் மன்னன் என்று கூப்பிட்ட உன் சித்தப்பா

பி.கு. முந்நூறில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டைக் கழித்துவிடு. மீதி நானும் வேன் டிரைவரும். கைப்பிடிகளில் மெழுகே பூசவில்லை. இரண்டு பேரால் தூக்க முடியாமல்தான் நழுவியது. குழி வரைக்கும் இழுத்துக்கொண்டுதான் போனோம். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடி மினுங்கியது மட்டும் நிஜம். குனிந்தபோது உள்ளே ஒரு முகம் தெரிந்தது, அண்ணன் என்றே நினைத்தேன். நான்தான். இந்தப் பின்பக்கம் உனக்கு மட்டும். முன்பக்கத்தை அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.