மீதி இருந்த பதினோரு படம்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு மேகத்துக்காகக் கம்பெனி பஸ்ஸை விட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் 'வரட்டும்' அண்ணன்.

ஊரப்பாக்கத்தில் நாலு பேர் ஒரே போர்ஷனில் இருந்தோம்; மறைமலை நகரில் வேலை. சட்டைப்பையில் நல்ல செல்போன் இருக்க, அண்ணன் பழைய பிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைவார். அதுவும் கருப்பு வெள்ளை. "மொத்தமே முப்பத்தாறு படம்தான்டா. அதான் கண்ணு தொறந்துகினு கீது" என்பார். எதை எடுக்கச் சொன்னாலும், "வெளிச்சம் வரட்டும்", "நிழல் வரட்டும்". ஒரு எருமை தலையைத் திருப்பட்டும் என்று முக்கால் மணி நேரம் நின்றார். கூச்சம் தாங்காமல் எருமையே எழுந்து போய்விட்டது.

பிரின்ட் போடுவது எங்கள் பாத்ரூமில். ஜன்னலில் போர்வை, உள்ளே சிவப்பு பல்பு, வெளியே துண்டோடு நாங்கள்.

"இன்னாண்ணா பண்ணிகினு கீறீங்க? பஸ் வந்துரும்!" என்று பாஸ்கர் கதவை இடிப்பான்.

"மூஞ்சி வந்துகினு கீதுடா. தொறந்தா எல்லாம் போயிரும்!"

"தொறக்கலன்னாலும் எல்லாம் போயிரும்ணா!"

அப்போதுதான் கோவிலம்பாக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெண் பி.காம்.; நான் ஒன்பதாவதோடு நின்றவன். போன வரன்களைப் போல இதுவும் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பா பேசினார். "தம்பிக்கு உடம்புக்கு ஏதாவதுங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற போட்டோ அனுப்புங்களேன்."

உடம்புக்கு ஒன்றுமில்லை. முகமே அப்படித்தான். போனை நீட்டினால், அதில் தெரிகிற என்னைப் பார்த்து எனக்கே கவலை வந்துவிடும்.

அண்ணனிடம் ஓடினேன். மொட்டை மாடியில் நிற்கவைத்து அரை மணி நேரம் பார்த்தார். ஒரே ஒரு க்ளிக்.

"குடுங்கண்ணா, அனுப்பணும்."

"ரோல்ல இன்னும் பதினோரு படம் பாக்கி கீது. முடியட்டும்."

"பாதியிலேயே கழுவிடலாமேண்ணா?"

"அரை வேக்காட்டுச் சோத்த எறக்குவியா?"

அன்றைக்கு வியாழன். ஷிப்ட் முடிந்ததும் அவர் பின்னாலேயே ஓடினேன். "அண்ணா, டீ மாஸ்டரு எப்டி ஆத்துறாரு பாருங்க!" "வெளிச்சம் வரட்டும்." "ஆட்டோ மேல பூனைண்ணா!" "மொதல்ல அது முழிக்கட்டும்." கையை நீட்டினேன், கெஞ்சினேன், ஸ்டேஷன் படிக்கட்டில் குதித்தே காட்டினேன். எப்போதாவது ஒரு க்ளிக் விழும். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக ரோல் தீர்ந்தது.

ஞாயிறு காலை, துணிக்கொடியில் கிளிப் மாட்டிப் படங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. மாடியில் எடுத்ததை முதலில் பார்த்தேன். செல்போன் படமே தேவலை. அடுத்ததைப் பார்த்தேன். அதிலும் நான். அதற்கடுத்ததிலும் நான். டீ மாஸ்டரும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

"இன்னாண்ணா இது? பூனை எங்க?"

"பூனைக்காடா பொண்ணு பாக்குறாங்க?"

அந்தப் பூனை கொட்டாவி விட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்கே தெரியாது. அதைத்தான் செல்போனில் பிடித்து அனுப்பினோம். இருட்டுவதற்குள் சம்மதம் வந்துவிட்டது.

படம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. கவலை வரும்போதெல்லாம் அதன் எதிரே போய் நிற்பேன். மூன்று நாள் முழுக்க ஒரு மனிதர் என் முகத்தை அலுக்காமல் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாரே என்று நினைத்தால், கொஞ்சம் தெம்பு வருகிறது.