மூன்றாம் பாடத்தில் அடைப்பு

பரீட்சைக் காலம் வந்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். பெற்றவர்களுக்குப் புத்தி பேதலிக்கும். இரண்டாவது நோயை நம்பித்தான், மூடிப்போன மரச்சாமான் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார் ஞாபக மகான். வரிசை தெருமுனை தாண்டி நின்றது.

பிள்ளை பாடப்புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். மகான் அதைத் திறக்க மாட்டார். அட்டைமேல் கை வைத்து, எந்தப் பாடத்தில் அடைப்பு என்று சொல்லி, அடைப்பை நீக்கி, புத்தகத்தை நைலான் கயிற்றால் கட்டிக் கொடுப்பார். தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் பாடம் தானாக மண்டைக்கு ஏறும். பரீட்சை முடியும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும். கட்டணம் கிடையாது, காணிக்கைதான். அது எவ்வளவு என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

தேறியவர்கள் மகானுக்கு மாலை போட்டார்கள். தேறாதவர்கள்? கயிற்றை அவிழ்த்திருப்பார்கள். இதைவிடப் பாதுகாப்பான தொழில் உலகத்தில் இல்லை.

தையற்காரம்மாவும் மகளோடு வரிசையில் நின்றாள். மகள் போன முறை வேதியியலில் கோட்டை விட்டவள். நாளை மறுநாள் மறுபடி எழுதுகிறாள். இதிலும் போனால் படிப்புக்கு முழுக்கு என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். தன்னைப் போல இவளும் ஊரார் துணிக்கு விளிம்பு அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வாளோ என்று அம்மாவுக்குப் பயம். படிக்க வேண்டியது ஏகப்பட்டது கிடக்கும்போது புத்தகத்தைக் கட்டிப்போட்டால் உருப்பட்ட மாதிரிதான் என்று மகள் நேற்று முழுக்க மன்றாடினாள். இன்று காலையில் வாயைத் திறக்காமல் சமர்த்தாகக் கிளம்பினாள். அந்தச் சமர்த்தைப் பார்த்தே அம்மா சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பழுப்பு உறை போட்ட புத்தகத்தை மகான் வாங்கினார். உறைமேல் 'வேதியியல்' என்று மணிமணியாக எழுதியிருந்தது. அதை அரைக்கண்ணால் படித்துவிட்டு முழுக்கண்ணையும் மூடினார்.

"மூணாம் பாடத்துலதான் அடைப்பு. எடுத்துட்டேன். அமிலம், காரம் எல்லாம் இப்பவே ஏறிக்கிட்டிருக்கு."

அம்மாவுக்கு மெய் சிலிர்த்தது. எந்தப் பாடத்தைச் சொல்லியிருந்தாலும் சிலிர்த்திருக்கும்; அது வேறு விஷயம்.

மகான் கயிற்றை எடுக்கும் முன் மகள் புத்தகத்தை வாங்கி, மூன்றாம் பாடத்தைப் பிரித்து, அம்மாவிடம் நீட்டினாள். "நீயே சத்தமா வாசிம்மா."

அம்மா வாசித்தாள். "பாபினில் நூல் சுற்றும் முறை."

தையல் எந்திரத்தோடு வந்த புத்தகம் அது. ஏழெட்டு மொழிகளில் அச்சடித்ததால் பாடப்புத்தகத்தின் தடிமன். அதற்குத்தான் மகள் காலையில் வேதியியல் உறையை மாட்டியிருந்தாள். வரிசையின் பின்பக்கம் கொல்லென்று சிரித்தது. முன்பக்கம் சிரிக்கவில்லை, அவர்கள் காணிக்கை போட்டுவிட்டவர்கள்.

மகான் முகம் கறுத்தது. "என்னையே சோதிக்கிறியா? சோதிச்சா சக்தி விலகிடும்."

"நாளை மறுநாள் எங்களையும் சோதிக்கத்தான் போறாங்க," என்றாள் மகள். "சோதிச்சா ஓடிப்போற சக்தியை வச்சு நாங்க என்ன பண்றது?"

மகானுக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனவர் பின்வாசல் வழியாகப் போயே போனார். கடையை வாடகைக்குப் பிடிக்கும்போது அவர் முதலில் பார்த்தது அந்த வாசலைத்தான்.

அம்மாவுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிது. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். பக்கத்தில் நின்ற பையனின் புத்தகக் கயிற்றில் வைத்தாள். அவனுடைய அப்பா பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"வேண்டாங்க, ஏறினதெல்லாம் இறங்கிடும்."

"ஏறியிருந்தாத்தானேங்க இறங்கும்?"

கயிறு அறுந்தது. மகள் தன் பையிலிருந்து நிஜ வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். அம்மா அடுத்த கயிற்றுக்குப் போனாள்.

பதறிய அப்பா மட்டும் ஒரு சந்தேகத்தோடு நின்றார். மகான் தையல் எந்திரத்து அடைப்பையாவது எடுப்பாரா?

அடைப்பு மூன்றாம் பாடத்தில் இல்லை ஐயா. அது இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க மகான் வேண்டாம். கழுத்துக்கு மேலேதான், உங்கள் கையே எட்டும்.