அணிந்துரை கேட்ட மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும் என் தங்கையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். கீழே வரப்போவதைப் படித்துவிட்டு இந்த ஒரு வரியைச் சந்தேகப்பட வேண்டாம், இது உண்மை.

தங்கள் கடிதமும் தங்கள் முதல் நாவலின் அச்சுப்படியும் கிடைக்கப்பெற்றோம். உள்ளடக்கம் கவனத்தில் கொள்ளப்பட்டது. பன்மையில் எழுதியதற்கு மன்னிக்கவும். காப்பீட்டு அலுவலகத்தில் 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று எழுதுகிற பிரிவில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து கை அப்படியே பழகிவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன். நாவலுக்கு நான் அணிந்துரை எழுதித் தர வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அது பதிப்பாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னால் முடியாது. காரணம் சொல்லாமல் மறுப்பதுதான் எங்கள் அலுவலக வழக்கம் என்றாலும் நீங்கள் வீட்டு மாப்பிள்ளை; ஆகவே காரணங்களோடு மறுக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நான் சாய்ந்திருந்தபோது, "மச்சான், எனக்கும் கதை எழுதணும்னு ஒரு ஆசை. எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், நகக்கண்ணில் கிரீஸ் போகாதவர், கடைசியாகப் படித்த புத்தகம் மோட்டார் கையேடு; இவருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று எனக்குள் சிரிப்பு வந்தது. ஆனாலும் நான் மூன்று கதைப் புத்தகம் போட்டவன், கேட்கிறவர் மாப்பிள்ளை, வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? கால்மேல் கால் போட்டுக்கொண்டு அடித்துவிட்டேன். "தினமும் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும் மாப்பிள்ளை. ஒரு பக்கம் எழுதாம பல்லுகூட விளக்கக் கூடாது. எழுதுறதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. பேச்சு வர்ற இடத்தையெல்லாம் வாய்விட்டுப் படிச்சுப் பாக்கணும். எழுதி முடிச்சதும் முதல் அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டுடணும், கதை எப்பவும் ரெண்டாவதுலதான் ஆரம்பிக்கும்." இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு சர்வீஸ் சீட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டீர்கள். அப்போதே எனக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அதில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. நான் எழுந்திருப்பது ஏழரை மணிக்கு. எழுதப்போகிற கதையை அலுவலகத்தில் பத்துப் பேரிடம் சொல்லி, பத்துப் பேரும் "பிரமாதம் சார்" என்று சொன்னதும் எழுதிவிட்ட திருப்தி வந்துவிடும், வீட்டுக்கு வரும்போது எழுத ஒன்றும் மிச்சம் இருக்காது. முதல் அத்தியாயத்தை நான் எங்கே போய்க் கிழிப்பது? என் நாவலில் முதல் அத்தியாயம் மட்டும்தான் இருக்கிறது. பதினோரு வருடமாக அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி குடையோடு வாசற்படியில் நிற்கிறாள், அழைப்பு மணியை அழுத்தக் கையைத் தூக்குகிறாள், அத்தியாயம் முடிகிறது. போன மாதம்கூட அந்தக் குடையைக் கறுப்பிலிருந்து நீலத்துக்கு மாற்றினேன். என் மனைவி தாங்க முடியாமல், "பாவங்க அவ, பதினோரு வருஷமா நிக்கிறா. யாராவது கதவைத் திறந்து விடுங்களேன்" என்றாள். நான் உங்களுக்குச் சொன்ன யோசனைகள் எல்லாம் நீங்கள் எழுதுவதற்காகச் சொன்னவை அல்ல, எழுதாமல் விடுவதற்காகச் சொன்னவை. ஐந்து மணி என்றால் நான்கே நாளில் ஓடிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என்னடாவென்றால் அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டீர்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் எழுத ஆரம்பித்த இரண்டாவது மாதம் என் தங்கை எனக்குத் தொலைபேசியில் பேசினாள். குரலே சரியில்லை. "அண்ணே, அவரு விடிகாலையில மொட்டைமாடி மோட்டார் ரூம்ல தனியா உக்காந்து பேசுறாருண்ணே. ஒரு தடவை ஆம்பளைக் குரல்ல பேசுறாரு, ஒரு தடவை பொம்பளைக் குரல்ல பேசுறாரு. நடுவுல அழுறாரு. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாரு. டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்ற என் இரண்டு யோசனைகளையும் நீங்கள் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்கிறீர்கள் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். நான், "எதுக்கும் காட்டிடும்மா, இந்தக் காலையில எந்திரிக்கிறதை நிறுத்தச் சொல்லுவாரு" என்றேன். டாக்டர் உங்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கச்சிதமாக இருக்கிறது என்றாராம். அந்த வாரம் எனக்குத்தான் கூடியிருந்தது.

இப்போது அச்சுப்படிக்கு வருகிறேன். பொட்டலத்தைப் பிரித்ததும் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். அணிந்துரை எழுதுவதற்கு முன்னால் பிழை பார்ப்பது என் கடமை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். முதல் பத்துப் பக்கத்திலேயே ஒன்பது இடத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது. 'கதவை தட்டினான்' என்று போட்டிருக்கிறீர்கள். க், ச், த் எதுவும் உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு ஓரத்தில் எண் கொடுத்தேன். பதினேழாவது ஒற்று வரைக்கும் அப்படியே போனேன். அப்புறம் பார்த்தால் நான் எழுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன், பேனா மூடியிருக்கிறது, பக்கத்தில் காபி ஆறிக் கிடக்கிறது. எப்போது மூடினேன் என்று தெரியவில்லை. திரும்பவும் இருபத்தோராம் பக்கத்துக்குப் போய் ஒற்றுத் தேட ஆரம்பித்து, மறுபடியும் எழுபத்திரண்டில் வந்து நின்றேன். நூல் விமரிசனம் எழுதியவன், கதைப் பட்டறை நடத்தியவன், எனக்கு இந்த மாதிரி அவமானம் நடந்ததே இல்லை.

அந்த எழுபத்திரண்டாம் பக்கம். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு கணவன், ஒரு மனைவி, பிரிந்துவிடுவதென்று முடிவெடுத்து வக்கீலைப் பார்க்கப் போகிறவர்கள். மேலே கூண்டின் கூரைமேல் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறான். அங்கே இருக்கிற பொத்தானை அழுத்தி ஐந்தே நிமிடத்தில் அவர்களை இறக்கிவிடலாம். ஆனால் உள்ளே அந்த இரண்டு பேரும் ரொம்ப நாளைக்கு அப்புறம் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவனுக்குக் கேட்கிறது. அதனால் நாற்பது நிமிடம் ஆக்குகிறான். அவ்வளவுதான். 'காலத்தின் மௌனம்' என்று ஒரு வார்த்தை இல்லை, நிலா இல்லை, மழை இல்லை. உங்கள் ஆட்கள் லிஃப்டில் பேசுகிற மாதிரியே பேசுகிறார்கள், இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று. இந்தச் சூட்சுமத்தை நீங்கள் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை, எனக்கே தெரியாது. எத்தனை வருடம் நானும் லிஃப்டில் போய் வந்திருக்கிறேன், எத்தனை பேச்சு என் காதிலும் விழுந்திருக்கிறது, எனக்கு ஒரு கதையும் விழவில்லையே என்று வயிறு எரிந்தது. என் மனைவி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் என் எழுத்தைப் படித்துவிட்டு இதுவரை எழுந்து போய்த்தான் பழக்கம். "நம்ம கட்டடத்து லிஃப்ட் ஏன் ஒருநாள்கூட நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். அதைப் பராமரிப்பதும் நீங்கள்தான் என்று சொன்னேன்.

அணிந்துரை எழுதிப் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஏழு தடவை எழுதினேன். முதலாவது, 'நான் எழுத வந்த காலத்தில்' என்று தொடங்கி நான்கு பக்கம் போனது. நான்காம் பக்கத்தின் கடைசியில் நீங்கள் ஒரு தடவை வருகிறீர்கள், அதுவும் என்னைச் சந்திக்க வருகிறீர்கள். மனைவி படித்துவிட்டு, "இதுல அவரு புத்தகம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். இரண்டாவதில் புத்தகத்தைக் கொண்டுவந்தேன், 'தங்கள் நாவல் பரிசீலிக்கப்பட்டது' என்று கை தானாக எழுதிவிட்டது. மூன்றாவதில் 'எளிமையான முயற்சி' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் அதை ரசித்துக்கொண்டிருந்தேன். மற்ற நான்கையும் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்குப் பொறாமை. அக்கம்பக்கத்தில் எவனாவது எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. கிரீஸ் கையோடு என் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்தவர், நான் விளையாட்டுக்குச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இப்படி எழுதினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆகவே, அனுபவஸ்தன் என்ற முறையில் இப்போது வேறு சில யோசனைகள் சொல்கிறேன், தயவுசெய்து இவற்றையும் அதே மாதிரி அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கவும். கையெழுத்துப் பிரதியை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி ஐந்து வருடம் ஊறவிடுங்கள். அந்த எழுபத்திரண்டாம் பக்கத்தை எடுத்துவிடுங்கள், கதையின் வேகம் தடைப்படுகிறது. எழுதுகிறவனுக்குத் தூக்கம் முக்கியம், ஏழரை மணி வரைக்கும் தூங்குங்கள். அடுத்து என்ன எழுதப் போகிறீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சமர்ப்பணப் பக்கம். 'எழுதக் கற்றுக்கொடுத்த மச்சானுக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். அதை எப்படியாவது நீக்கிவிடுங்கள் மாப்பிள்ளை. என்மேல் கோபம் இருந்தால் நேரில் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போங்கள், இப்படி அச்சில் போட்டு மானத்தை வாங்காதீர்கள்.

தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும். அவளுடைய முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்ததாகவும் சொல்லவும். நீங்கள் கூண்டின் கூரைமேல் ஏறும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக ஏறி, பத்திரமாக இறங்கி, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். நாவல் எழுதாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கலாம்.

இப்படிக்கு,
கோரிக்கையை ஏற்க இயலாத,
உங்கள் மச்சான்

பி.கு.: மேலே உள்ளதைத் திங்கட்கிழமை எழுதினேன். இன்று வியாழன். கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் எழுதியதைக் கிழிக்க எனக்கு என்றைக்குமே மனசு வந்ததில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். இதில் உள்ள எதையும் செய்ய வேண்டாம். செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு 'வருந்துகிறோம்' தாளை எடுத்தேன். யாருக்கோ மறுப்பு எழுத வேண்டியது. தாளைத் திருப்பிப் போட்டு, அந்த எழுபத்திரண்டாம் பக்கத்தைப் பற்றி எனக்கு என்ன ஆயிற்றோ அதை மட்டும் எழுதினேன். ஒரே பக்கம். முப்பது நிமிடம். ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. வாய்விட்டும் படித்துப் பார்த்தேன்; பக்கத்து மேசைக்காரர், "யார் சார் அந்த எழுத்தாளர்? எனக்குப் படிக்கணும்போல இருக்கே" என்றார். "என் மாப்பிள்ளை" என்றேன். எவ்வளவு கர்வமாகச் சொன்னேன் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும், எனக்கே எரிச்சலாக இருந்தது. அணிந்துரையையும், இருநூற்று நாற்பத்தாறு ஒற்றுகளும் சேர்த்த அச்சுப்படியையும் அன்றைக்கே பதிப்பாளர் கையில் கொடுத்துவிட்டேன். சமர்ப்பணம் இருக்கட்டும்.

இன்று காலை பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், அணிந்துரையை ரெண்டு தடவை படிச்சேன். என்னமா எழுதியிருக்கீங்க! நீங்களும் ஏன் கதை கிதைன்னு ஏதாவது எழுதிப் பாக்கக் கூடாது?" என்று கேட்டார்.

என் மூன்று புத்தகங்களையும் போட்டவர் அவர்தான், மாப்பிள்ளை.