பதினான்கு பேட்சுக்கு ஒரு பெண்

ஒரகடம் சாலையில், பேருந்து நிற்காத இடமாகப் பார்த்துக் கட்டப்பட்ட அந்தத் தனியார் பல்கலைக்கழகம், தான் 'அனைவரையும் உள்ளடக்கிய வளாகம்' ஆகிவிடுவதென்று ஒரு திங்கட்கிழமை தீர்மானித்தது. செவ்வாய்க்கிழமையே சுற்றறிக்கை வந்துவிட்டது. மெக்கானிக்கல் துறையில் பெண் இல்லாத லேப் பேட்ச் செல்லாது.

பேட்ச் பதினான்கு. பெண் ஒன்று. மணிமங்கலத்து ஷெர்லின்.

"அதனால என்ன? ரவுண்ட்ஸ் வரட்டும்" என்றார் அனைவரையும் உள்ளடக்கும் பிரிவின் தலைவர் பேராசிரியர் வசந்தகுமார்.

அப்பா மெஷின் துடைக்கும் கம்பெனியில் தான் மெஷின் ஓட்டவேண்டும் என்பது ஷெர்லினின் ஒரே பேராசை. ஆனால் இரும்புத் துண்டை லேத்தில் மாட்டி முடிப்பதற்குள் லேப் உதவியாளர் எல்லப்பன் விசிலடிப்பார்.

"ஒம்பதாம் பேட்ச்ல பொண்ணு இல்லாம மிஷினு நிக்குது. ஓடும்மா."

ஓடுவாள். பத்து நிமிடத்தில் மறுபடி விசில்.

ஆண்டு முடிவில் அவளுக்கு மட்டும் ஹால் டிக்கெட் வரவில்லை.

"மத்த பதிமூணு பேட்ச்லயும் ஒரு நாள்கூட லீவு போடல" என்று வசந்தகுமார் வருகைப் பதிவேட்டைத் தடவிக்கொடுத்தார். "உன் பேட்ச்லதான்மா அட்டெண்டன்ஸ் ஏழு பர்சென்ட். சொந்த பேட்ச்ல ஒரு அக்கறை வேணாமா?"

"சார், நீங்கதான அனுப்பினீங்க?"

"அனுப்பினது நாங்க. வராம இருந்தது நீ."

முறையிடலாமா? தாராளமாக. முறையீட்டுக் குழுவில் ஒரு மாணவி கட்டாயம். அதுவும் ஷெர்லின்தான். தன் வழக்கைத் தானே விசாரிப்பது முறையன்று என்பதால் அவள் வெளியேற்றப்பட்டாள். பெண் உறுப்பினர் இல்லாத குழு செல்லாது என்பதால் குழு சமோசாவோடு கலைந்தது.

செய்தி கேட்டு வகுப்புப் பையன்கள் கொதித்தெழுந்தார்கள்.

"காலேஜ விட்டுப் போயிராத பிள்ள" என்றான் தூத்துக்குடி இசக்கிபாண்டி. "அடுத்த வாரம் எங்களுக்கு பிராக்டிகல். ஒவ்வொரு பேட்ச்லயும் பத்து நிமிசம் நின்னுட்டுப் போ."

நின்றாள். அவர்கள் அடுத்த வருஷத்துக்குப் போனார்கள். அவள் அதே வருஷத்தில் நின்றாள்.

"வழி இருக்கும்மா" என்று வசந்தகுமார் மனமிரங்கினார். "இந்த அட்மிஷன்ல இன்னும் பதிமூணு பொண்ணுங்க சேர்ந்துட்டா, நீ உன் பேட்ச்லயே இருக்கலாம். நீயே பேசிச் சேர்த்துவிடேன்."

ஷெர்லின் லேத் ஓட்டுவதுபோல் ஒரு பிரம்மாண்ட விளம்பரப் பலகை சாலையில் எழும்பியது. அதன் கீழே, விண்ணப்ப மேசையில், அவளே உட்கார்ந்தாள். பெற்றோர் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. மூன்று நாளில் முந்நூறு விண்ணப்பம் போயிற்று. ஒன்றுகூடப் பெண்ணுக்கு இல்லை.

நான்காம் நாள், குன்றத்தூர் செங்கமலம் தன் இரட்டைப் பிள்ளைகளோடு வந்தாள். ஒரு பையன், ஒரு பெண்.

"போர்டுல கீற பொண்ணு நீதானா? இன்னா தெகிரியம் கண்ணு. பொண்ணுங்கள இப்டி முன்னுக்குக் கொண்டாற காலேஜு வேற எங்க கீது?"

ஷெர்லினுக்கு உயிர் வந்தது. மகளைப் பார்த்து, "கணக்குல எவ்ளோ?" என்றாள்.

"தொண்ணூத்தெட்டுக்கா."

விண்ணப்பத்தை அவளிடம் நீட்டினாள். நடுவில் புகுந்து வாங்கிய செங்கமலம் அதை மகனிடம் கொடுத்தாள்.

"நீ ரொப்புடா."

பிறகு மகளைத் தள்ளி ஷெர்லின் பக்கத்தில் நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"நீ அக்காகூட ஒரு போட்டோ எடுத்துக்கோ. கொஞ்சம் சிரி."