மார்கரெட் வீட்டுக் கூட்டம்

மாதா சுரூபம் வந்து ஒரு மணி நேரமாகியும் மார்கரெட் வீட்டு வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

ஜெபமாலை மாதத்தில் பழவேற்காட்டுக் குப்பத்தில் தினம் ஒரு வீட்டில் மாதா தங்குவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஜெபம் சொல்லுவார்கள். இந்த வருஷம் அவர்களெல்லாம் இறால் கம்பெனியில் உரிக்கப் போய்விட்டார்கள். மார்கரெட்டை மட்டும் துபாயிலிருக்கும் மகன் போகவிடவில்லை. "உனக்கு இன்னாம்மா கொற?" என்று கேட்டான்; போன வருஷமே டேப்ரெக்கார்டர் அனுப்பியிருந்தான். பேச ஆளில்லை, அதுதான் குறை. அதை எந்தப் பார்சலில் அனுப்புவான், பாவம்.

சுரூபத்தை இறக்கிவைக்கும்போதே கோயில் உபதேசியார் சின்னப்பன் கறாராகச் சொல்லியிருந்தார்: "கூட்டம் வராத வூட்டுக்கு அடுத்த வருசம் மாதாவ அனுப்ப மாட்டேன். எட்டு மணிக்கு இந்தப் பக்கம் வருவேன்."

எட்டாகப் போகிறது. அண்டா நிறையச் சுண்டலும் சுக்குக் காப்பியும் ஆறிக்கொண்டிருந்தன. மார்கரெட்டுக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்து தொலைத்தது. போன வருஷம் மரியம்மா வீட்டு ஜெபத்தைப் பதிந்த கேசட் இருக்கிறதே.

வாசல் விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். தெருவே உள்ளே உட்கார்ந்து "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்றது. நடுநடுவே மரியம்மா இருமினாள்.

வெளியே உபதேசியாரின் சைக்கிள் நின்றது. "பரவால்லியே, நல்ல கூட்டம். மரியம்மாவுக்கு இருமல் இன்னும் நிக்கலியா?"

"சுக்குக் காப்பி வச்சிருக்கேன் ஐயா" என்றாள் மார்கரெட், கதவைத் திறக்காமல். சைக்கிள் போய்விட்டது.

மாதா முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குள் வாசலில் மறுபடி காலடிச் சத்தம். இந்தத் தடவை பல பேர். உபதேசியாருக்குச் சந்தேகம் தட்டி, ஆள் கூட்டி வந்துவிட்டார் போலிருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டு, சத்தத்தை முழுக்கத் திருகினாள். காலடிகள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயின.

தப்பித்தோம் என்று உட்கார்ந்து கேசட்டோடு சேர்ந்து ஜெபத்தை முடித்தாள். கேசட்டில் இருந்தவர்கள் யாரும் காப்பி கேட்கவில்லை.

மறுநாள் குழாயடியில் மரியம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இன்னா மரியம்மா, கோவமா?"

"எனக்கு இன்னா கோவம். நேத்து லோடு லேட்டு. கம்பெனிலருந்து கைகூட கழுவாம எல்லாரும் உன் வூட்டுக்குத்தான் ஓடியாந்தோம். பாத்தா கதவு சாத்தியிருக்குது, உள்ள ஒரே கூட்டம். எறா நாத்தத்தோட எங்க நுழையறதுனு திரும்பிட்டோம்."

மரியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு தடவை இருமினாள்.

"அதுகூடப் பரவால்ல மார்கரெட்டு. எனக்குப் பதிலா கூப்ட்டு வச்சிருந்தியே, என்ன மாதிரியே இருமுறவ, அவ யாரு?"