கேன்டீனை மூடினால் என்ன ஆகும்?

எனக்குப் பேச வராது என்பது எங்கள் ரப்பர் தோட்டத்துக்கே தெரியும். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்பார்கள். ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னதுதான் உண்மையான காரணம். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு கூட்டத்தில் வாய் திறந்தேன். அதற்கு இன்னும் அனுபவிக்கிறேன்.

கித்துல்கலப் பக்கம் மின்சாரத்துக்காக மலையைக் குடைந்து சுரங்கம் போட்ட காலம். தோட்டத்தில் பால் வெட்டுவதை விட்டுவிட்டு, சைட் ஆபீசில் தேநீர் கொடுக்கும் வேலைக்குப் போனேன். (நான் வராததை ரப்பர் மரங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.) கீழே கேன்டீனில் ஸ்டெல்லா சமைத்தாள். தினமும் அவளிடம் சீனி வாங்கப் போவேன். ஆபீசில் சீனி மூட்டையாகவே இருந்தது.

எங்கள் எஞ்சினியர் மிஸ் முழுச் சுரங்கத்தையும் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தார். திரையில் லொறிகள் எறும்பு மாதிரி ஊரும். எதிர்பாராதது ஏதாவது நடந்தால் வேலை எவ்வளவு தள்ளிப்போகும் என்று, நடக்கும் முன்பே ஓட்டிப் பார்ப்பார். மழையைக் கூட்டினால் முடியும் தேதி பின்னால் போகும். பாறை சரிந்தால் இன்னும் பின்னால்.

அன்று பெரிய ஐயா தலைமையில் கூட்டம். "வேறு என்ன நடக்கலாம்? உங்களுக்குப் பயமான எதையும் சொல்லுங்கள்" என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். மிஸ் தட்டோடு நின்ற என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "சேவியர் அயியே," அதாவது அண்ணே, "நீங்களாவது சொல்லுங்க."

எனக்கு இருந்தது ஒரே பயம். ஸ்டெல்லா போய்விட்டால்? அதைக் கூட்டத்தில் சொல்ல முடியுமா?

"கேன்டீன மூடினா, மிஸ்?" என்றேன்.

ஆட்கள் பட்டினி கிடப்பார்கள், சுரங்கம் நின்றுபோகும், ஸ்டெல்லாவின் அருமையைத் திரையே சொல்லும். இதுதான் என் கணக்கு.

"டவுனிலிருந்து வேனில் பார்சல் வரும் என்று வைப்போம்" என்று மிஸ் கம்ப்யூட்டரில் தட்டினார். எறும்புகள் ஓடின. தேதி பின்னால் போகவில்லை. ஒரு வாரம் முன்னால் வந்தது! ஆட்கள் சாப்பிட இறங்கி ஏறும் நேரம் மிச்சமாம்.

"ஹொந்த அதஹஸக்!" நல்ல யோசனையாம். பெரிய ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். "மிஸ், மழையயும் கொஞ்சம் கூட்டிப் பாருங்க" என்று நான் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை.

மாதக் கடைசியில் கேன்டீனை மூடினார்கள். ஸ்டெல்லா பானைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளா சீனியத் தவிர வேற பேச்சில்ல. வாயத் தொறந்தது ஒரே வாட்டி. அதுவும் என் அடுப்புல தண்ணி ஊத்தத்தானா?"

"அது... அப்புடி இல்லங்க."

"அப்ப எப்புடி?"

பதில் தொண்டை வரை வந்துவிட்டது. வேன்காரன் ஹார்ன் அடித்தான்.

"சீனி இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் மிச்சமிருந்த சீனியைப் பொட்டலம் கட்டிக் கையில் வைத்துவிட்டு வேனில் ஏறினாள்.

இப்போது தங்கை வீட்டில் நான் எதையாவது கேட்க வாயெடுத்தால் போதும். "மாமா, கேக்காதீங்க, மூடிப்புடுவாங்க!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். கரண்ட் போனாலும், "யாருகிட்ட என்னா கேட்டீங்க?" என்று என்னைத்தான் விசாரிக்கிறார்கள்.

ஸ்டெல்லா வரக்காப்பொலயில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறாள். "இன்னும் தனியாத்தான் இருக்காளாம். போயி ஒரு வார்த்த கேளு அண்ணே" என்கிறாள் தங்கை.

கொழும்புக்கு எங்களுக்கு அவிசாவளை வழிதான் கிட்ட. நான் வரக்காப்பொல வழியாகச் சுற்றிப் போகிறேன். பஸ் அங்கே நிற்கும். ஜன்னல் வழியாக அவளைப் பார்ப்பேன். கடையில் நல்ல கூட்டம். இறங்க எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிடுவேன். நான் ஏதாவது கேட்கப்போய், அந்தக் கடைக்கும் ஒன்று ஆகிவிட்டால்?